பிழை பொறுக்கும் காது

கொழும்பில் வேலைக்குப் போகும் ஒருவரின் ஆங்கிலப் படிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்குகிறது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய மாடிகளிலும், பின்னேரம் வரை பிள்ளைகளுக்கு ரியூசன் நடந்த அறைகள் இரவானதும் பெரியவர்களுக்கு மாறுகின்றன. நகைக்கடை விற்பனையாளர், கணக்கு எழுதுபவர், தாதி, காசாளர் பதவிக்கு மேலே ஏற முடியாமல் நிற்கும் வங்கி ஊழியர், லண்டனுக்குப் போகக் காத்திருக்கும் மணப்பெண் எல்லோரும் அதே வாங்குகளில்தான் இருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் அளவுக்குச் செய்த வாங்கில் நாற்பது வயதுக்காரர் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்து, பலகையில் உள்ள இறந்தகால வினைகளைப் பார்த்தெழுதுகிறார். காலையிலிருந்து கடையில் நின்ற கால்கள் அவை.

இவர்கள் ஆங்கிலம் படிக்காதவர்கள் அல்லர். இலங்கைப் பாடசாலையில் 3ஆம் ஆண்டிலிருந்து சாதாரண தரம் வரை ஆங்கிலம் ஒரு பாடம். ஒன்பது ஆண்டுகள் அதைப் படித்தவர்கள் ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தயங்குகிறார்கள். இதற்குத் தனிமனிதச் சோம்பலைக் காரணம் சொல்வது அநியாயம். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரியில் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உயர்கல்வி கற்றார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராக 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். அந்தக் கல்வி சிலருக்கே கிடைத்தது. 1945இல் இலவசக் கல்வி வந்ததும், அதே காலத்தில் ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறியதும், பிறகு மேல் வகுப்புகளும் பல்கலைக்கழகமும் அதே வழியில் போனதும் நியாயமான மாற்றங்கள். ஆனால் ஆங்கிலத்தைப் பேசிக் கற்பிக்கக்கூடிய ஆசிரியர்கள் தலைநகரப் பாடசாலைகளைச் சுற்றியே தங்கிவிட்டார்கள். வன்னியிலும் தோட்டப் பாடசாலைகளிலும் பல ஆண்டுகள் ஆங்கில நேரம் ஆசிரியர் இல்லாத நேரமாகவே கழிந்தது. ஆசிரியர் இருந்த இடத்திலும் சோதனை எழுத்துச் சோதனை. வாயைத் திறக்காமலே அதில் திறமைச் சித்தி பெறலாம்.

இந்தக் குறை அரசுக்குத் தெரியாததல்ல. 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்து, பேச்சு ஆங்கிலத்தை முன்வைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் பயிற்சிக்காக ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஆங்கிலத்தை எங்கள் வழியில் பேசுவோம் என்பது அதன் முழக்கம். அந்த முழக்கம் சரியானது. பாடசாலையை விட்டு வெளியேறி முதுகில் குடும்பத்தைச் சுமப்பவரை மட்டும் அந்தத் திட்டம் எட்டவில்லை.

அவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு நேர்மையான கணக்கு. கேம்பிரிட்ஜ் தேர்வுப் பிரிவு தரும் மதிப்பீட்டின்படி, தொடக்கத்திலிருந்து ஏ2 நிலையை எட்ட 180 முதல் 200 மணித்தியால வழிகாட்டிய படிப்பு வேண்டும். பீ1 நிலைக்கு 350 முதல் 400. பீ2 நிலைக்கு 500 முதல் 600. ஏ2 என்றால் கடையிலும் பஸ்ஸிலும் சமாளிக்கலாம். பீ1 என்றால் தன் வேலையைப் பற்றிக் கோர்வையாகச் சொல்லலாம். கூட்டத்தில் ஒருவர் சொன்னதை மறுத்துப் பேசப் பீ2 வேண்டும். இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியும் வேலை என்கிறது. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு தருகிறது. படிப்புக்கென்று விடுமுறை அதில் இல்லை. ஞாயிறு ஒன்றுக்கு இரண்டு மணி வகுப்பு, நோய், கலியாணம், திருவிழா போக ஆண்டுக்கு 45 ஞாயிறு என்று வைத்தால் 90 மணி வரும். ஏ2இலிருந்து பீ1க்குப் போக அந்த வேகத்தில் இரண்டு ஆண்டு ஆகும். மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் மூன்று மாதச் சரளம் என்ற விளம்பரம் இந்தக் கணக்குக்கு எதிரில் நிற்க முடியாது. நான்காம் மாதம் அதை நம்பி வந்தவர் தன் மூளையில் பழுது என்று எண்ணி விலகிப் போகிறார். அந்த விளம்பரம் செய்யும் பெரிய தீங்கு இதுதான்.

இதே கணக்கை வேறு விதமாகவும் போடலாம். நாளுக்கு அரை மணி என்றால் ஆண்டுக்கு 180 மணிக்கு மேல் வருகிறது. பரப்பிப் படிப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இன்றுவரை உறுதிப்பட்டு வருவது, ஒரே மூச்சில் படித்தது விரைவில் போய்விடும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டது தங்கும் என்பது. ஞாயிறு இரண்டு மணி கற்ற இருபது சொற்களை வியாழன் வரை தொடாமல் விட்டால் அவற்றில் பெரும்பகுதி அடுத்த ஞாயிறுக்கு மிஞ்சாது. திங்களும் புதனும் ஐந்து நிமிடம் தொட்டால் மிஞ்சும்.

அந்த அரை மணி எங்கே கிடக்கிறது? 155 இலக்க பஸ் ஒரு நல்ல இடம். மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை, மருதானை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று நகரின் இரண்டு தமிழ்ப் பகுதிகளையும் ஒரே தடத்தில் கோர்க்கும் பஸ் அது. நெரிசல் நேரத்தில் புத்தகம் விரிக்க முடியாது, ஒரு கை கம்பியில் இருக்கும். காது சும்மா இருக்கிறது. ஐந்து நிமிட ஒலிப்பதிவு ஒன்றைப் போகும்போது இரு தடவை, வரும்போது இரு தடவை கேட்டால் அன்றைய பங்கு முடிந்தது. கேட்பது புதிதாக இருக்க வேண்டியதில்லை. நேற்றுக் கேட்டதே இன்று நல்லது.

இன்னொரு நேரம் பெண்களுடையது. வெள்ளவத்தை ரியூசன் நிலையங்களின் வாசலில் பின்னேரம் நாலு மணிக்குப் போய்ப் பார்க்கலாம். பிள்ளையை உள்ளே விட்ட தாய்மார் மதிலோரம் ஒன்றரை மணி நேரம் நிற்கிறார்கள். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் அந்த நேரம் வழியிலேயே போய்விடும். வாரத்துக்கு மூன்று வகுப்பு என்றால் நாலரை மணி. பிள்ளையின் ஆங்கிலத்துக்காக மாதாமாதம் காசு கட்டுபவர்கள் இவர்கள். தம் ஆங்கிலத்துக்குக் காசு கேட்க இவர்களுக்கு வாய் வராது. பிள்ளை முந்தி, தான் பிந்தி என்ற வழக்கம் அப்படி. இந்த மதிலோரத்தில் இரண்டு பேர் சேர்ந்து பிள்ளையின் பழைய ஆங்கிலப் பாடநூலை, அரசு இலவசமாகத் தந்ததை, மாறி மாறி வாசித்தாலே அது ஒரு வகுப்பு. அப்படி வாசிக்கத் தடையாக நிற்பது நேரம் அல்ல. பார்ப்பவர் என்ன நினைப்பார் என்பதுதான் தடை.

இங்கே ஒரு ஒப்பீடு உதவும். மட்டக்களப்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து, புறக்கோட்டை மொத்தக் கடையில் வேலைக்குச் சேரும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். வரும்போது அவருக்குச் சிங்களம் பத்துச் சொல் தெரிந்திருக்கும். இரண்டு ஆண்டில் லொறிக்காரரோடு வாடகை பேசுகிறார், மூட்டை இறக்கும் நாட்டாமைகளோடு பகிடி விடுகிறார், பொலிஸாருக்கு வண்டி நிறுத்தியதன் காரணம் சொல்கிறார். வகுப்புக்குப் போகவில்லை, ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. ஒன்பது ஆண்டு படித்த ஆங்கிலம் வராத அதே வாய்க்குச் சிங்களம் எப்படி வந்தது?

மணிக்கணக்கு ஒரு காரணம்: நாளுக்கு எட்டு, பத்து மணி நேரம் அது காதில் விழுகிறது. தேவை இன்னொன்று: பேசாவிட்டால் சரக்கு இறங்காது. மூன்றாவது காரணம் இவ்விரண்டையும்விட ஆழமானது. சந்தைச் சிங்களத்தில் பிழை விட்டால் எதுவும் கெட்டுவிடுவதில்லை. எதிரில் இருப்பவர் சிரிப்பார், சரியான சொல்லைத் தானே சொல்லுவார், பேரம் தொடரும். சிங்களம் சரியாகப் பேசாததற்காக ஒரு தமிழரை யாரும் படிப்பில்லாதவர் என்று எண்ணுவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகும். சிங்களத்திலும் அச்சம் இருந்திருக்கிறது, உயிரச்சமாகவே இருந்திருக்கிறது. 1983 யூலையில் வாளிக்கான சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை அடையாளம் கண்டு தாக்கிய கும்பல்கள் திரிந்த நகரம் இது. பிறகு வந்த போர் ஆண்டுகளில் சோதனைச் சாவடியில் நாக்குத் தடுமாறினால் கேள்விகள் கூடின. அந்த ஆண்டுகளைக் கண்ட வெள்ளவத்தை முதியவர்கள் பலர் இன்றும் சிங்களத்தைத் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அடுத்த தலைமுறைக்குச் சந்தையில் அந்தக் கதவு திறந்ததே, பிழைக்குத் தண்டனை இல்லை என்று ஆன பிறகுதான்.

ஆங்கிலத்தின் அச்சம் வேறு வகை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்று சொல்லி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியது. சட்டத்தில் இணைப்பு, வாழ்க்கையில் பிரிப்பு. சிங்கள இளைஞர்கள் அதற்கு வைத்த பெயர் கடுவ, அதாவது வாள். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, இந்த மொழி இலங்கையில் அதிகார ஆயுதமாக இயங்குவதை எழுதினார். வெட்டு எங்கே விழும் என்பதும் நுட்பமான விடயம். ஆங்கிலத்தில் ‘நொட்’, ‘பொட்’ போன்ற சொற்களில் வரும் குறுகிய திறந்த ஒலியையும், ‘போட்’, ‘கோட்’ போன்றவற்றில் வரும் நீண்ட ஒலியையும் மாற்றி உச்சரிப்பவரை, அந்த ஒரே ஒலியால் வீட்டில் ஆங்கிலம் இல்லாதவர் என்று கொழும்பின் மேல்தட்டு கண்டுபிடித்துவிடும். அதற்கு நொட்-பொட் ஆங்கிலம் என்று ஏளனப் பெயரும் உண்டு. மனிக் குணசேகர இலங்கை ஆங்கிலத்தைப் பற்றி 2005இல் வெளியிட்ட நூல் இதைக் கவனமாகப் பதிவு செய்திருக்கிறது. கருத்து தெளிவாகப் போய்ச் சேர்ந்த பிறகும் உயிரொலி ஒன்றுக்காக ஒருவரைத் தாழ்த்துவது மொழியறிவு ஆகாது.

வெட்கம் மேலே இருந்து மட்டும் வருவதில்லை. அலுவலகத்தில் இரண்டு தமிழர் ஆங்கிலத்தில் பேசிப் பழக முயன்றால் மூன்றாவது தமிழர் ‘பெரிய துரைமார்’ என்கிறார். மாணவரிடமும் இது உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலில், போர்க்காலத்தில் அங்கு பயன்பட்ட அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் ஓரங்களில் மாணவர் கிறுக்கியவற்றை வாசிக்கிறார்: படங்கள், தமிழ்க் குறிப்புகள், சினிமா, போராட்டம். பாடநூலின் உலகத்துக்கும் தங்கள் உலகத்துக்கும் இடையிலான தூரத்தை அவர்கள் அந்த ஓரத்தில் எழுதிக்கொண்டார்கள். வகுப்பில் பேச்சுப் பயிற்சி வேண்டாம், சோதனைக்கு இலக்கணம் தாருங்கள் என்றார்கள். வேலை முடிந்து வரும் பெரியவரும் பெரும்பாலும் இதையே கேட்கிறார். இலக்கணப் பயிற்சியில் முகம் காட்ட வேண்டியதில்லை.

பெரியவர்களின் பிழைகளைக் கிட்ட வைத்துப் பார்த்தால் அவற்றில் அறியாமையைவிட ஒழுங்குதான் தெரியும். ‘டிட் யூ வென்ற்?’ என்று கேட்பவர் தமிழின் வழியில் சரியாகவே நடக்கிறார்: ‘போனீங்களா?’ என்ற கேள்வியில் இறந்தகாலம் வினைக்குள் இருக்கிறது, கேள்வியானதும் அது இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அது முன்னே வரும் துணைவினைக்குத் தாவி, பின்னே வரும் வினையை வெறுமையாக விட்டுவிடுகிறது. ‘ஐ வென்ற் பாங்க்’ என்பவருக்கு ‘வங்கிக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’ தனிச் சொல்லாகப் பிரிந்து முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது பழகவில்லை. இதை ஒரு தடவை தமிழில் விளக்கினால் ஐந்து நிமிடம் போதும். தமிழே பேசக்கூடாது என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் வகுப்பு அந்த ஐந்து நிமிடத்தை ஐந்து மாதமாக இழுக்கிறது.

ஒலியில் ஈழத் தமிழருக்கு ஒரு சொத்தும் இருக்கிறது. ‘ரிக்கற்’, ‘இன்ரநெற்’ என்று எழுதும் யாழ்ப்பாண வழக்கம் தமிழகத்து வாசகருக்கு விநோதமாகப் படலாம். ‘பற்று’, ‘காற்று’ ஆகியவற்றில் யாழ்ப்பாணத்தார் ஒலிக்கும் ற்ற, நாக்கின் நுனி பல்லின் பின்மேட்டைத் தொட்டு வரும் ஒலி. ‘ரிக்கற்’ என்ற சொல்லில் ஆங்கிலேயர் ஒலிக்கும் முதல் மெய்யும் அங்கேதான் பிறக்கிறது. நாக்கை மடித்து ‘ட்’ சொல்லும் பழக்கத்தைவிட இது கிட்டியது. வகுப்புக்கு வரும் 50 வயதுக்காரருக்கு இதைச் சொன்னால் அவர் முகம் மாறும். தன் ஊர்ப் பேச்சிலிருந்தே ஆங்கிலத்துக்கு ஒரு படி இருக்கிறது என்பது அதுவரை யாரும் அவருக்குச் சொல்லாத செய்தி.

வயது பற்றிய அச்சத்துக்கும் ஒரு விடை உண்டு. நெதர்லாந்தில் டச்சு மொழி கற்ற ஆங்கிலேயரைக் கவனித்து 1978இல் வெளியான ஸ்னோ, ஹூஃப்னகல்-ஹூலெ ஆய்வில், முதல் மாதங்களில் முந்தி நின்றவர்கள் பதின்ம வயதினரும் பெரியவர்களும். மிகவும் பின்தங்கியவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். காலம் போகப் பிள்ளைகள் எட்டிப் பிடிப்பது உண்மை, உச்சரிப்பில் அவர்களுக்கு மேன்மை இருப்பதும் உண்மை. ஆனால் தொடங்கவே பிந்திவிட்டது என்பது பிழை.

நிறுவனங்கள் இல்லாத நகரமல்ல கொழும்பு. பொரளையில் 1954இல் பீற்றர் பிள்ளை அடிகளார் தொடங்கிய அக்குவைனாஸ் கல்லூரியின் ஆங்கில டிப்ளோமாவை வேலையில் இருந்துகொண்டே முடித்தவர்கள் பலர். நாவலத் திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து வேலை செய்வோரை எண்ணியே இயங்குகிறது. வசதி உள்ளவருக்குப் பிரிட்டிஷ் கவுன்சில் இருக்கிறது. விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரில் மாநகர நூலகம் இருக்கிறது. 1925இல் தொடங்கப்பட்ட அந்த நூலகத்தின் வாசிப்பு மேசை குளிர்ச்சியானது. இவை தரும் பாடத்தில் குறை சொல்ல அதிகமில்லை. குறை, வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையிலுள்ள ஆறு நாளில் இருக்கிறது. அந்த ஆறு நாளும் பேச ஆள் வேண்டும், அந்த ஆளை எந்த நிறுவனமும் கட்டணத்தோடு சேர்த்துத் தருவதில்லை.

அவரை வீட்டிலும் வேலையிடத்திலும்தான் தேட வேண்டும். ஒரு கடையில் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டு வேளையில் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று தீர்மானித்தால், முதல் வாரம் மூன்று நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஒரு மாதத்தில் பத்து நிமிடம் போதாது என்பார்கள். யூலை, ஓகஸ்டில் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர் வந்து வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளில் நிறையும்போது, அவர்களுடைய பிள்ளைகள் கரையின் நிறத்தையும் துணியின் கனத்தையும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். தன் சரக்கைப் பற்றிய நாற்பது வாக்கியம் கையில் உள்ள விற்பனையாளர் அன்று முதலாளியைக் கூப்பிட மாட்டார். முதலாளிக்கும் இதில் இலாபம்தான். வாரத்தில் ஒருநாள் வகுப்புள்ளவரை ஒரு மணி முன்னதாக விடுவது அவருக்குப் பெரிய நட்டமாகாது.

வீட்டில் பெரும்பாலும் ஆசிரியர் பிள்ளைதான். ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் 12 வயது மகள் அப்பாவின் வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, ‘அப்பா, அப்பிடிச் சொல்லக் கூடாது’ என்கிறாள். அவள் சொல்வது சரி. அப்பா அன்றோடு வீட்டில் ஆங்கிலம் பேசுவதை நிறுத்திக்கொள்வதும் நடக்கிறது. திருத்தம் முறையாக இருந்தால் இது நடக்காது. சொல்லி முடிக்க விட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பிழையை மட்டும் எடுக்க வேண்டும். திருத்துவதைத் தனிப் பாடமாக்காமல், அதே வாக்கியத்தைச் சரியாகப் பதிலுக்குள் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். புறக்கோட்டையில் லொறிக்காரர் சிங்களத்தில் செய்வது இதைத்தான். ஆள் கிடைக்காதவருக்கு வட்ஸ்அப் குரல்பதிவு ஓரளவு ஈடு செய்யும். தனக்கே ஒரு நிமிடம் பேசி அனுப்பி, மறுநாள் கேட்டால், தன் பிழையில் பாதியைத் தானே பிடிக்கலாம்.

பிரித்தானியா 2010 நவம்பர் 29 முதல் துணைவர் விசாவுக்கு, ஏ2க்கும் கீழ்ப்படியான ஏ1 நிலை ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. வெள்ளவத்தையில் பல மணப்பெண்களின் ஆங்கிலம் இந்த விதியிலிருந்து தொடங்குகிறது. அது கேட்பது கேட்டலும் பேச்சும் மட்டுமான ஒரு சிறு சோதனை. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குத் தயார்செய்யும் வகுப்புகள் அந்த இருபது நிமிடத்துக்கு வேண்டியதையே கற்பிக்கின்றன. போய் இறங்கிய பிறகு மருத்துவரிடமும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் தனியாகப் பேசும் நாளுக்கு அது போதாது. சித்தி வந்ததும் நிறுத்தாமல், விசா வரும் வரையான மாதங்களையும் படிப்பில் போட்டவர்கள் அங்கே குறைவாகத் திணறுகிறார்கள்.

எந்தச் சோதனையும் கேட்காத ஆங்கிலமும் இந்தத் தொடர்மாடிகளில் நடக்கிறது. பிள்ளைகள் புலம்பெயர்ந்து, பேரப்பிள்ளைகளின் தமிழ் இரண்டு சொல்லில் நின்றுவிட்ட வீடுகளில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் தொடங்கும் ஆங்கிலம் அது. ஞாயிறு இரவு கொழும்பில் ஏழு மணி, ரொறன்ரோவில் காலை. அம்மம்மா இரண்டு கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். திரையில் பேத்தி முதல் கேள்விக்கே நீளமாகப் பதில் சொல்கிறாள், நடுவில் ஒரு சொல் பிடிபடவில்லை. அவர் ‘அகெய்ன் பிளீஸ்’ என்கிறார். பேத்தி அவசரப்படாமல் திரும்பச் சொல்கிறாள். பால்கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதைத் தமிழ் எழுத்தில் ‘ஸ்லீப்ஓவர்’ என்று எழுதிக்கொள்கிறார். காலையில் கீழ்மாடிப் பிள்ளையிடம் கேட்க வேண்டும்.